உங்களைப் பற்றி அரசு எழுதினதை நீங்க படிக்கலாமா? ஸ்டாசி ஃபைல்களின் கதை

இந்த எபிசோடில் நாம பேசப் போறது ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பற்றி. கேட்கவே சலிப்பா இருக்கும், தெரியும். ஆனா இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததால கல்யாணங்கள் உடைஞ்சிருக்கு, பழைய நட்புகள் முடிஞ்சிருக்கு, சிலருக்குத் தங்களோட பாதி வாழ்க்கைக்கே அப்போதான் அர்த்தம் புரிஞ்சிருக்கு. படிவத்தில் இருக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: என்னைப் பற்றி உங்ககிட்ட என்ன இருக்கு?

இடம் ஜெர்மனி. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது, கிழக்கு ஜெர்மனியின் ரகசிய போலீஸ் விட்டுட்டுப் போன ஃபைல்களைப் பார்த்துக்கிற ஒரு அரசு அலுவலகம்.

அரசு உங்களைப் பற்றித் தகவல் வெச்சிருந்தா அதைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு என்று இன்னைக்குப் பல நாட்டுச் சட்டங்கள் சொல்லுது. சட்டத்தில் அது ஒரு வரி. அந்த ஒரு வரியை ஒரு ஆபீஸ் தினமும் எப்படிச் செய்து காட்டும்? யார் தேடுவாங்க? எதில் தேடுவாங்க? உங்க ஃபைலுக்குள்ள இன்னொருத்தரோட அந்தரங்கமும் இருந்தா என்ன பண்ணுவாங்க? இதுக்கெல்லாம் ரொம்பக் கடினமான சூழ்நிலையில் விடை தேடின இடம் என்பதால்தான் இந்தக் கதை.

ஒரு நாடே ஃபைலுக்குள்

ஸ்டாசி என்பது கிழக்கு ஜெர்மனியின் அரசுப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு மக்கள் வெச்ச சுருக்கப் பெயர். 1950 பிப்ரவரி 8 அன்று தொடங்கப்பட்டது. "கட்சியின் கேடயமும் வாளும்" என்று தன்னைச் சொல்லிக்கும். 1989ல், அதாவது அதோட கடைசி வருஷத்தில், முழுநேர ஊழியர்கள் மட்டும் சுமார் 91,000 பேர். அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 60 லட்சம். கணக்குப் போட்டா, கிட்டத்தட்ட 180 பேருக்கு ஒரு ஊழியர்.

அது போக, சம்பளப் பட்டியலில் இல்லாத இன்னொரு படை இருந்தது. சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் உளவாளிகள். உளவாளி என்றதும் கோட்டு போட்டு, தொப்பி வெச்ச ஆளை நினைக்காதீங்க. பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்க்கிறவர், டாக்டர், பாதிரியார், சில வீடுகளில் கணவரே. ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர். அந்தப் பெயரில்தான் அறிக்கை கொடுப்பாங்க.

அந்த அறிக்கைகளில் என்ன இருந்தது? யார் வீட்டுக்கு யார் வந்தாங்க, எத்தனை மணிக்குப் போனாங்க, பிரித்துப் படித்து மறுபடி ஒட்டின கடிதங்கள், ஒட்டுக் கேட்ட ஃபோன் பேச்சுகள்.

எழுதி வைக்கிறதோட அவங்க நிறுத்தலை. 1976ல் வந்த ஒரு உள் உத்தரவு, எதிர்ப்பாளர்களைக் கைது பண்ணாமலேயே உள்ளுக்குள்ள உடைக்கிறது எப்படி என்று வழிமுறையே வகுத்தது. ஒருத்தரைப் பற்றி வதந்தி கிளப்பணும். வேலையில் தொடர்ந்து தோல்வி வர்ற மாதிரி ஏற்பாடு பண்ணணும். நண்பர்கள் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட வைக்கணும். இதுக்கு ஆளானவருக்கு யார் செய்யறாங்க என்றே தெரியாது. பிரமோஷன் வராதது நம்ம தப்பு, நட்பு முறிஞ்சது நம்ம தப்பு என்று நினைச்சுக்கிட்டே வருஷங்கள் போயிடும்.

இதை மனசில் வெச்சுக்கோங்க. இந்த மக்கள் ஏன் தங்கள் ஃபைலைப் பார்க்க அவ்வளவு போராடினாங்க என்பதுக்குக் காரணம் இங்கதான் இருக்கு. வாழ்க்கையில் நடந்ததுக்கு அத்தாட்சி ஒரே இடத்தில்தான் இருந்தது, அதுவும் செஞ்சவங்க கையெழுத்தில்.

எரிக்கவா, பூட்டவா, திறக்கவா?

1989 நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. சுவர் விழுந்த படத்தை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். அடுத்த சில வாரங்களில் ஸ்டாசி அலுவலகங்களுக்குள்ள என்ன நடந்தது என்பது அவ்வளவா பேசப்படுறதில்லை. உள்ளே ஆவணங்களை அழிச்சுக்கிட்டு இருந்தாங்க.

டிசம்பர் 4 அன்று எர்ஃபுர்ட் நகரத்தில் ஸ்டாசி அலுவலகப் புகைபோக்கியிலிருந்து புகை வர்றதை மக்கள் கவனிச்சாங்க. ஃபைல் எரியுது என்று புரிஞ்சது. பெண்கள் முன்னே நின்னு கூட்டிய கூட்டம் அந்தக் கட்டடத்துக்குள்ள நுழைஞ்சு அதைக் கைப்பற்றியது. அதே நாட்களில் மற்ற நகரங்களிலும் இது நடந்தது. 1990 ஜனவரி 15 அன்று பெர்லின் லிஷ்டன்பெர்க் பகுதியில் இருந்த தலைமையகத்துக்குள்ளயும் மக்கள் புகுந்தாங்க.

காப்பாத்தியாச்சு. அடுத்து என்ன பண்றது? இதில்தான் பெரிய சண்டை.

ஒரு தரப்பு அழிச்சிடலாம் என்றது. படிச்சா பழிக்குப் பழி, கொலை வரைக்கும் போகும் என்ற பயம். இன்னொரு தரப்பு பத்திரமா பூட்டி வெச்சிடலாம் என்றது. மூன்றாவது தரப்பு, அதாவது இந்த ஃபைல்களில் பெயர் இருந்தவங்க, "இது எங்க வாழ்க்கை, நாங்க படிக்கணும்" என்றாங்க.

1990 ஆகஸ்ட் 24 அன்று கிழக்கு ஜெர்மனி நாடாளுமன்றம் ஃபைல்களைப் பற்றி ஒரு சட்டம் இயற்றியது. ஆனா ஒரு வாரத்தில் கையெழுத்தான இரு ஜெர்மனிகளின் இணைப்பு ஒப்பந்தத்தில் அந்தச் சட்டம் சேர்க்கப்படலை. செப்டம்பர் 4 அன்று போராளிகள் மறுபடியும் பழைய ஸ்டாசி தலைமையகத்துக்குள்ள போய் உட்கார்ந்தாங்க. ஓவியர் பெர்பெல் போலை, பாடகர் வொல்ஃப் பியர்மான் போன்றவங்க அதில் இருந்தாங்க. கொஞ்ச நாளில் அது உண்ணாவிரதமா மாறியது. செப்டம்பர் 18 அன்று ஒப்பந்தத்தோடு ஒரு கூடுதல் உடன்பாடு சேர்க்கப்பட்டது. அக்டோபர் 3 அன்று இரு நாடும் ஒண்ணாச்சு.

ஒண்ணான ஜெர்மனியின் நாடாளுமன்றம் 1991 நவம்பரில் ஸ்டாசி ஆவணச் சட்டத்தை நிறைவேற்றியது. டிசம்பர் கடைசியில் அது நடைமுறைக்கு வந்தது. ஆவணங்களுக்குப் பொறுப்பா யோவாகிம் கௌக் இருந்தார். கிழக்கு ஜெர்மனியில் பாதிரியாரா இருந்தவர், பிற்காலத்தில் ஜெர்மனியின் ஜனாதிபதியும் ஆனார். 1992 ஜனவரி 2 அன்று முதல் வாசகர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தாங்க. தங்கள் சொந்த ஃபைலை முதல்முறையா திறந்தாங்க.

இரண்டு அட்டை, ஒரு எண்

இப்போ எஞ்சினியரிங் பகுதிக்கு வருவோம். இங்கே இருந்த ஆவணங்களை வரிசையா அடுக்கி வெச்சா 111 கிலோமீட்டர் நீளம். அட்டைகள் மட்டும் 4 கோடிக்கு மேல். நீங்க போய் "என் பெயர் இது, என் ஃபைலைக் காட்டுங்க" என்றா, 111 கிலோமீட்டரில் அதை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

பதில், ஸ்டாசியே கட்டி வெச்ச சிஸ்டம்.

அதில் முக்கியமா இரண்டு வகை அட்டைகள். ஒண்ணுக்குப் பெயர் எஃப்-16. போர் விமானம் இல்லைங்க, வெறும் காகித அட்டை. அதில் ஒருத்தரோட உண்மையான பெயர், பிறந்த தேதி, முகவரி, கூடவே ஒரு பதிவு எண். அவ்வளவுதான். அந்த ஆள் கண்காணிக்கப்பட்டவரா, உளவு சொன்னவரா என்று அந்த அட்டையைப் பார்த்து உங்களால சொல்ல முடியாது.

இன்னொண்ணு எஃப்-22. அது பதிவு எண் வரிசையில் அடுக்கப்பட்டது. அதில் புனைபெயர், என்ன வகை வழக்கு, எந்த அதிகாரி பொறுப்பு என்றெல்லாம் இருக்கும். உண்மையான பெயர் மட்டும் இருக்காது.

டேட்டாபேஸ் தெரிஞ்சவங்களுக்கு உடனே புரிஞ்சிருக்கும். இரண்டு டேபிள், நடுவில் ஒரு ஃபாரின் கீ. ஒரு டேபிளை மட்டும் திருடினா எதுவும் கிடைக்காது. இரண்டையும் சேர்த்தால்தான் "இந்தப் புனைபெயருக்குச் சொந்தக்காரர் இவர்" என்று தெரியும். தங்கள் ஊழியர்களே எல்லா உளவாளிகளையும் தெரிஞ்சுக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பெர்லினில் இருந்த எஃப்-16 அட்டைகள் எழுத்து வரிசையில் இல்லை, ஒலி வரிசையில் இருந்தது. ஜெர்மன் மொழியில் மையர் என்ற குடும்பப் பெயரைப் பல விதமா எழுதுவாங்க. காதால் கேட்டு எழுதுற உளவாளிக்கு எந்த மையர் என்று தெரியாது. அதனால எல்லா மையரும் ஒரே இடத்தில். இன்னைக்கு நாம ஃபஸி சர்ச் என்று சொல்றதை அவங்க மர இழுப்பறையில் பண்ணி வெச்சிருந்தாங்க.

இந்த இடத்தில் ஒரு விநோதமான உண்மை. ஸ்டாசியிடம் கம்ப்யூட்டரும் இருந்தது. காந்த நாடாக்களில் தனிநபர் தகவல்கள் இருந்தது. 1990 பிப்ரவரியில், அரசும் எதிர்க்கட்சிகளும் சேர்ந்து உட்கார்ந்த வட்டமேசை அவையே அந்த நாடாக்களை அழிக்கச் சம்மதிச்சது. யார் கையிலாவது கிடைச்சா ஒரு பட்டனில் எல்லாரையும் தேடிடலாமே என்ற பயம். அதனால வேகமாத் தேடக்கூடிய பிரதி போச்சு, மெதுவாத் தேட வேண்டிய காகிதம் தப்பிச்சது. உளவாளிகளின் பெயரை மறைக்கச் செய்த அந்த அட்டைகள்தான் பிறகு பாதிக்கப்பட்டவங்களுக்கு வழிகாட்டியது.

தேடத் தெரிஞ்சவங்க யார் என்ற கேள்வியும் வந்தது. சிஸ்டத்தைக் கட்டினவங்களுக்குத்தானே அது நல்லாத் தெரியும்? புதிய அலுவலகம் ஆரம்பத்தில் சில முன்னாள் ஸ்டாசி ஊழியர்களையே வேலைக்கு வெச்சுக்கிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அது பெரிய காயம். 2011ல் ரோலண்ட் யான் பொறுப்புக்கு வந்தப்போகூட அப்படி 47 பேர் இருந்தாங்க. அவரே ஸ்டாசியால் சிறையில் அடைக்கப்பட்டு, நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர். அவங்களை வேற துறைகளுக்கு அனுப்பணும் என்பதை அவர் தன் முதல் வேலைகளில் ஒண்ணா எடுத்துக்கிட்டார்.

கவுன்ட்டருக்குப் பின்னாடி

சரி, நீங்க விண்ணப்பம் போடுறீங்க. என்ன நடக்கும்?

முதலில் நீங்க நீங்கதானா என்று உறுதி செய்வாங்க. அடையாளச் சான்று கட்டாயம். வேறொருத்தர் உங்க பெயரில் வந்து உங்க ஃபைலை வாங்கிட்டுப் போனா, ஸ்டாசி செஞ்ச அநியாயத்தையே அலுவலகம் இரண்டாவது தடவை செஞ்ச மாதிரி ஆயிடும். நீங்க அந்தக் காலத்தில் எங்கெங்கே குடியிருந்தீங்க என்றும் கேட்பாங்க. அட்டைகளும் ஃபைல்களும் பெர்லினில் மட்டும் இல்லை, மாவட்ட அலுவலகங்களிலும் இருந்தது. எங்கே தேடணும் என்பது உங்க பழைய முகவரியைப் பொறுத்தது.

பிறகு அட்டைத் தேடல். விடை மூணு விதமா வரலாம். அட்டையே இல்லை. அட்டை இருக்கு, ஃபைல் இல்லை, ஏன்னா அழிஞ்சிருக்கலாம். அட்டையும் இருக்கு, ஃபைலும் இருக்கு. நடுவில் இருக்கிற விடைதான் கொடுமை. உங்களைப் பின்தொடர்ந்தாங்க என்று தெரியும், என்ன எழுதினாங்க என்று தெரியாது.

பாதிக்கப்பட்டவங்களுக்குப் பார்க்கக் கட்டணம் கிடையாது. நகல் எடுக்கத்தான் காசு. காத்திருப்பு மட்டும் சிலருக்கு வருஷக்கணக்கில் நீண்டது. கூட்டம் அப்படி. இதுவரை தனிநபர்கள் கொடுத்த விண்ணப்பங்கள் 30 லட்சத்துக்கும் மேல்.

கருப்பு மை

இனிமேதான் கஷ்டமான பகுதி. ஃபைல் கிடைச்சாச்சு. அப்படியே கையில் கொடுத்திடலாமா?

யோசிச்சுப் பாருங்க. உங்களைக் கண்காணிக்க வந்தவன் உங்களை மட்டுமா எழுதியிருப்பான்? உங்க வீட்டுக்கு வந்த நண்பரோட குடிப்பழக்கம், மாடி வீட்டுப் பெண்ணோட காதல், உங்க அத்தையோட மன நோய், எல்லாம் அதே பக்கத்தில் இருக்கும். அவங்களும் யார்கிட்டயும் சம்மதம் கொடுக்கலை. ஃபைல் உங்களுடையது. அதுக்குள்ள இருக்கிற மத்தவங்க வாழ்க்கை உங்களுடையது இல்லை.

சட்டம் இதுக்கு ஆட்களைப் பிரிச்சது. பாதிக்கப்பட்டவங்க, ஸ்டாசிக்கு வேலை செஞ்சவங்க, அதால் சலுகை அடைஞ்சவங்க, சம்பந்தமே இல்லாம பெயர் மட்டும் வந்த மூன்றாம் நபர்கள். பாதிக்கப்பட்ட மற்றவங்க, மூன்றாம் நபர்கள் ஆகியோரோட விவரங்களை நகலில் கருப்பா அடிச்சிடுவாங்க. மூலத்தில் கை வைக்கமாட்டாங்க.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு, அதை எழுதினவருக்கு ஒரு சலாம் போடணும். ஒருத்தர் 1970ல் கண்காணிக்கப்பட்டிருப்பார், 1980ல் மிரட்டி உளவாளி ஆக்கப்பட்டிருப்பார். அவரை எந்தப் பட்டியலில் வைக்கிறது? சட்டம் சொல்லுது: ஆளை மொத்தமா முத்திரை குத்தக் கூடாது, ஒவ்வொரு தகவலுக்கும் தனித்தனியா முடிவு பண்ணணும். அந்த 1970 பக்கத்தில் அவர் பாதிக்கப்பட்டவர், 1980 பக்கத்தில் வேலை செஞ்சவர். ஆக்சஸ் கன்ட்ரோலை யூசருக்குக் கொடுக்காம ரெக்கார்டுக்குக் கொடுத்த மாதிரி. கோட் எழுதும்போதே இது தலைவலி. அவங்க காகிதத்தில், பக்கம் பக்கமா, கண்ணால் படிச்சு, கையால் பண்ணினாங்க.

உளவாளியாக இருந்தவங்களும் விண்ணப்பம் போடலாம். தன்னைப் பற்றி ஸ்டாசி வெச்சிருந்த பணியாளர் ஃபைலைப் பார்க்கலாம். ஆனா அவர் மத்தவங்களைப் பற்றி எழுதிக் கொடுத்த அறிக்கைகளைச் சாதாரணமா பார்க்க முடியாது, அதுக்குச் சட்டப்படி தகுந்த காரணம் காட்டணும். நியாயம்தானே? அது இன்னொருத்தர் வாழ்க்கை.

புனைபெயருக்குப் பின்னாடி

பாதிக்கப்பட்டவருக்கு இன்னொரு உரிமையும் இருந்தது. ஃபைலில் ஒரு புனைபெயர் வருது. "இது யார்?" என்று அவர் கேட்கலாம். அடையாளம் சந்தேகமில்லாம உறுதியானா, அலுவலகம் உண்மைப் பெயரைச் சொல்லணும். அந்த உளவாளி தன் பெயரை மறைக்க விரும்பறார் என்பது மறுக்கக் காரணம் ஆகாது. கருப்பு மை யாரைக் காக்கணும், யாரைக் காக்கக் கூடாது என்பதில் சட்டம் இவ்வளவு தெளிவா ஒரு பக்கம் நின்னது.

அதோட விலை என்ன என்பதுக்கு வேரா லெங்ஸ்ஃபெல்டின் கதை போதும். அப்போ அவர் பெயர் வேரா வோலன்பெர்கர். ஆட்சியை எதிர்த்தவர். 1988 ஜனவரியில் பெர்லினில் நடந்த ஒரு ஊர்வலத்தில் பதாகையோடு கலந்துக்கப் போனப்போ கைது செய்யப்பட்டார். இணைந்த ஜெர்மனியில் நாடாளுமன்ற உறுப்பினரா இருந்தார். தன் ஃபைலில் "டொனால்ட்" என்ற புனைபெயரில் அறிக்கை கொடுத்தவர் தன் கணவர் க்னுட் என்பது அவருக்கு உறுதியானது. வீட்டுக்குள்ள நடந்தது வீட்டுக்குள்ள இருந்தே போயிருக்கு. 1992ல் விவாகரத்து. பல வருஷங்களுக்குப் பிறகு, நோயாளியா இருந்த அவரை மன்னிச்சதா வேரா வெளிப்படையாகவே சொன்னார்.

வேற மாதிரி ஒரு வாசகரும் இருக்கார். பிரிட்டிஷ் வரலாற்றாளர் திமொதி கார்டன் ஆஷ். இளைஞரா பெர்லினில் ஆராய்ச்சி பண்ணினப்போ அவரையும் ஸ்டாசி கண்காணிச்சது. அவருக்கு வெச்ச புனைபெயர் "ரோமியோ". 300 பக்கத்துக்கு மேல் இருந்த அந்த ஃபைலை எடுத்துக்கிட்டு, தன்னைப் பற்றி உளவு சொன்னவங்களையும் பொறுப்பா இருந்த அதிகாரிகளையும் தேடிப் போய்ப் பேசினார். தன் டைரியையும் ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பார்த்தார். 1997ல் அது ஒரு புத்தகமா வந்தது.

எல்லாரும் பயந்த பழிக்குப் பழிக் கொலை அலை? அது வரலை. மக்கள் படிச்சாங்க, அழுதாங்க, சண்டை போட்டாங்க, சிலர் பேச்சை நிறுத்தினாங்க. கத்தியைத் தூக்கிட்டு யாரும் கிளம்பலை.

பெரிய மனுஷர் கேட்டால்?

இந்தச் சட்டத்தில் தன் ஃபைலைத் தானே பார்ப்பது ஒரு வழி. ஆராய்ச்சியாளர்களும் பத்திரிகைகளும் கேட்பது இன்னொரு வழி. பொது வாழ்வில் இருப்பவங்க விஷயத்தில் அந்த இரண்டாவது வழி கொஞ்சம் அகலமா இருந்தது.

முன்னாள் பிரதமர் ஹெல்முட் கோல். மேற்கு ஜெர்மனித் தலைவர்களின் ஃபோனையும் ஸ்டாசி ஒட்டுக் கேட்டிருந்தது. 2000ல், அவர் கட்சியின் நன்கொடை ஊழல் சூடா ஓடிக்கிட்டு இருந்த நேரத்தில், அவரைப் பற்றின ஆவணங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி வந்தது. கோல் வழக்குப் போட்டார். 2002 மார்ச்சில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே வருஷம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2004ல் அதே நீதிமன்றம், கடுமையான நிபந்தனைகளோட ஒரு பகுதியைக் கொடுக்கலாம் என்றது.

இதில் யார் பக்கம் நிற்கிறது என்று எனக்கே இரண்டு மனசு. அதிகாரத்தில் இருந்தவர் பற்றி மக்கள் தெரிஞ்சுக்கணும் என்பது சரி. ஆனா அந்தத் தகவல் திருட்டுத்தனமா ஒட்டுக் கேட்டு எடுத்தது. திருடின பொருளை அரசே வெளியிடலாமா? பாதிக்கப்பட்டவர் பிரதமரா இருந்தாலும் பாதிக்கப்பட்டவர்தானே?

கிழிச்சுப் போட்ட பக்கங்கள்

1989 கடைசியில் அழிக்க ஆரம்பிச்சப்போ காகிதம் வெட்டுற மெஷின்கள் தாங்கலை. ஊழியர்கள் கையாலேயே கிழிச்சு மூட்டையில் போட்டாங்க. எடுத்துட்டுப் போய் எரிக்கிறதுக்குள்ள மக்கள் வந்துட்டாங்க. மிஞ்சினது சுமார் 16,000 மூட்டைகள். அதுக்குள்ள 4 கோடியிலிருந்து 5.5 கோடிப் பக்கங்கள் இருக்கலாம் என்று மதிப்பீடு.

1995லிருந்து நியூரம்பெர்க் பக்கத்தில் சிர்ன்டார்ஃப் என்ற ஊரில் ஒரு சிறு குழு இதைக் கையால் ஒட்ட ஆரம்பிச்சது. மேசை, வெளிச்சம், டேப். காகிதத்தின் நிறம், கிழிசலின் ஓரம், கையெழுத்து, இவற்றைப் பார்த்துப் பார்த்து. கையால் மட்டும் சுமார் 500 மூட்டைகள், 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் மீண்டது.

2007ல் ஃப்ரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் ஒரு மென்பொருளோட வந்தது. துண்டுகளை ஸ்கேன் பண்ணணும், கம்ப்யூட்டர் சேர்க்கும். கேட்கவே நல்லா இருக்கு. பிரச்சனை, மென்பொருளைவிட ஸ்கேன் பண்றதில் இருந்தது. கசங்கின கோடிக்கணக்கான துண்டுகளை ஒவ்வொண்ணா நீவி, இரண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணணும். அந்த வேகம் வரவே இல்லை. 23 மூட்டைகள், சுமார் 91,000 பக்கங்களோட அது நின்னது. ஆல்கரிதத்தை டேப்பும் பொறுமையும் ஜெயிச்ச அபூர்வமான போட்டி இது.

எங்கேயோ ஒருத்தர் விண்ணப்பத்துக்கு "அட்டை இருக்கு, ஃபைல் இல்லை" என்று பதில் வந்திருக்கும். அவரோட பக்கம் இந்த மூட்டைகளில் ஒண்ணில் நாலு துண்டா இருக்கலாம்.

படிக்காமல் இருக்கும் உரிமை

எல்லாரும் விண்ணப்பம் போட்டாங்களா? இல்லை. தன் பெயரில் ஃபைல் இருக்கும் என்று நம்பியும், கேட்காமலே விட்டவங்க நிறைய பேர். ரால்ஃப் ஹெர்ட்விக் என்ற உளவியல் ஆய்வாளரும் டாக்மார் எல்லர்ப்ரோக் என்ற வரலாற்றாளரும் இப்படிப்பட்டவங்ககிட்ட காரணம் கேட்டாங்க. இப்போ அதுக்கு என்ன அவசியம் என்றாங்க சிலர். சொந்தக்காரங்க, கூட வேலை செஞ்சவங்க பெயர் அதில் வந்துட்டா என்ன பண்றது என்றாங்க சிலர். அப்புறம் யாரையும் நம்பவே முடியாம போயிடுமே என்ற பயமும் இருந்தது.

அதனால்தான் இது உரிமையா இருக்கிறது முக்கியம். அலுவலகம் யார் வீட்டுக் கதவையும் தட்டி "உங்க கணவர்தான்" என்று சொல்லலை. நீங்க கேட்டால்தான் தேடும். கேட்கலாமா வேண்டாமா என்பதும் உங்க கையில். முப்பது, நாற்பது வருஷம் ஸ்டாசி இவங்க வாழ்க்கையில் எல்லா முடிவையும் இவங்களைக் கேட்காமலே எடுத்தது. இந்த ஒரு முடிவு இவங்களுக்கே திரும்பக் கிடைச்சது.

2021 ஜூன் 17 அன்று ஸ்டாசி ஆவணங்கள் ஜெர்மனியின் தேசிய ஆவணக் காப்பகத்தோடு இணைக்கப்பட்டது. தனி அலுவலகம் முடிவுக்கு வந்தது, விண்ணப்பிக்கும் உரிமை தொடருது. அந்தத் தேதியும் சும்மா தேர்ந்தெடுத்தது இல்லை. 1953ல் அதே ஜூன் 17 அன்றுதான் கிழக்கு ஜெர்மனித் தொழிலாளர்கள் ஆட்சிக்கு எதிரா கிளர்ந்தாங்க.

இந்தக் கதையிலிருந்து எனக்குக் கிடைச்சது இதுதான். உங்க தகவலைப் பார்க்கும் உரிமை என்று சட்டத்தில் எழுதுறது முதல் அடி. அது உண்மையாகணும் என்றால் கலையாத ஒரு அட்டைப் பெட்டி வேணும், உங்க அடையாளத்தைச் சரிபார்க்கிற ஒரு ஆள் வேணும், எந்த வரியை மறைக்கணும் என்று ஒவ்வொரு பக்கமா உட்கார்ந்து படிக்கிற ஒருத்தர் வேணும், அவங்க சம்பளத்துக்குக் காசு ஒதுக்குற அரசு வேணும். இதில் எதை எடுத்தாலும் மிச்சம் இருக்கிறது வெறும் வரிதான்.

அடுத்த தடவை ஒரு அரசோ நிறுவனமோ "உங்க டேட்டாவைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு" என்று சொன்னா, இரண்டு கேள்வி கேளுங்க. யார் தேடுவாங்க? எதில் தேடுவாங்க? பதில் சொல்லத் தடுமாறினா, அந்த உரிமை எவ்வளவு தூரம் போகும் என்று புரிஞ்சுடும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.